மாப்பிள்ளை சஹன்

உசனார் மச்சானுக்குப் படிப்பு வராது. வியாபாரம் வராது. சுவரில் ஒழுங்காக ஓர் ஆணி அடிக்கக்கூட வராது. ஆனால் கல்யாணப் பந்தலில் சனத்தைச் சாப்பாட்டுக்கு உட்காரவைப்பதற்கு அவரை விட்டால் எங்கள் பகுதியில் வேறு ஆள் கிடையாது. என் ராத்தாவின், அக்காவின், புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் கல்யாணச் சமையல்காரன். நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வரைக்கும் நான் கிடாரம் ஏற்றாத முஸ்லிம் ஊர் குறைவு. எவ்வளவு நல்ல சோற்றை ஆக்கி இறக்கினாலும், பந்தலுக்குள்ளே ஒரு மடையன் நின்று ஆட்களை உட்காரவைத்தால் எல்லாம் பாழ். மச்சான் நின்றால் எனக்கு அந்தக் கவலை இருக்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்யாணங்களில் ஆளுக்கொரு தட்டில் சோறு போடுகிற பழக்கம் இல்லை. சஹன் என்று பெரிய வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் சோற்றைக் குவித்து, மேலே பொரித்த கோழியையும் சுற்றிவரக் கறிகளையும் வைத்துப் பாயில் இறக்கினால், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். ஒருவர் முடித்துவிட்டார் என்று தனியே எழும்பிப் போகக் கூடாது. மற்ற ஐந்து பேரும் முடிக்கும்வரை சும்மாவாவது சோற்றைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் யாரை யாரோடு சேர்ப்பது என்பது விளையாட்டு வேலை அல்ல. அவசரக்காரனைப் பல்லில்லாத கிழவரோடு சேர்த்தால் இருவருக்கும் வயிறு நிறையாது. காணி வழக்கில் நிற்கும் இரண்டு பேரைச் சேர்த்தால் கல்யாணமே நாறிவிடும்.

மச்சானோ வேண்டுமென்றே சேர்ப்பார். தொண்ணூறாம் வருஷம் இயக்கக்காரர் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெறுங்கையோடு விரட்டியபோது அவருக்கு இளந்தாரி வயது. இங்கே வந்து ஓலைக் குடிசைகளில் கிடந்த காலத்தில், தண்ணீர் அள்ளும் இடத்தில் ஊர்க்காரருக்கும் எங்களுக்கும் நாளாந்தம் சண்டை. கிணற்றுச் சொந்தக்காரரின் மண்டையை எங்கள் பெடியன் ஒருவன் வாளியால் உடைத்துவிட்டான். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் மச்சான் அந்த இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து ஒரே சஹனில் உட்காரவைத்தார். நான் அடுப்படியில் நின்று கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். கடைசியில் கிணற்றுக்காரர் ஈரல் துண்டொன்றைப் பெடியன் பக்கம் தள்ளி வைத்தார். அன்றோடு கிணற்றுச் சண்டை முடிந்தது.

"ஒரு சஹன்ல கை வெச்சிட்டா அதோட கதை முடிஞ்சி முத்தலிபு. பொறகு ஒருத்தனுக்கும் வாய் திறக்கேலா" என்று என்னிடம் சொல்வார் மச்சான். அவருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதை அவர் குர்ஆன் ஆயத்துப் போல நம்பினார்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் போயிருக்கும். சனங்கள் மன்னாருக்குப் போய்த் தங்கள் காணிகளில் வளர்ந்த காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். மச்சான் பாலாவி உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். இருமல் பிடித்தது. உப்புக் காற்று என்றார்கள், பீடி என்றார்கள், கொத்தமல்லி அவித்துக் குடி என்றார்கள். சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தபிறகும் மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒருநாள் உப்பு மூட்டையின் மேல் இரத்தம் துப்பியபிறகுதான் கூட இருந்தவர்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். கசம் என்று தெரிந்தது. டீபி.

ஆறு மாதம் குளிசை. அதைக் கிளினிக்கில் தாதி முன்னால் நின்று விழுங்க வேண்டும். ஒரு நாள்கூட அவர் விடவில்லை. அந்த விஷயத்தில் மச்சானை நான் மெச்சுவேன். மூத்திரம் செம்மஞ்சளாகப் போகுது, வயிறு பிரட்டுது என்று முனகிக்கொண்டாவது போய் விழுங்கிவிட்டு வருவார். ராத்தா சபூராவும் இலேசுப்பட்டவளா? அவர் சாப்பிட்டு வைத்த மிச்சத்தை அதே பீங்கானில் போட்டுச் சாப்பிடுவாள். நானே ஒருநாள் ஏசினேன். "கிளினிக்ல கேட்டுட்டுத்தான் திங்கிறன். சாப்பாட்டுல, பீங்கான்ல எல்லாம் இது ஒட்டாதாம். நீ ஒண்ட வேலையைப் பாரு" என்றாள். ஆறு மாதம் முடிந்து, சளியையும் நெஞ்சுப் படத்தையும் திரும்பப் பார்த்து, நல்ல சுகம் என்று டொக்டர் நோனா சொல்லிவிட்டார். சிங்களத்தில் சொன்னதை ராத்தாவுக்காக மெல்ல மெல்லத் தமிழிலும் சொன்னாராம்.

நோய் போய்விட்டது. பேர் போகவில்லை.

எப்படிப் போகும்? தொடக்கத்திலேயே சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தயா, மோட்டார் சைக்கிளில் வந்து, வீட்டில் உள்ளவர்களையும் சோதிக்க வேண்டும் என்று வாசலில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கடமையை அவர் செய்தார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மஃரிபுத் தொழுகைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாசில் ஊற்றியவன், மச்சானுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினான். குடித்தவுடன் வீச வசதியாம். பாலாவியில் "நல்லா ரெஸ்ட் எடுங்க நானா" என்று வாஞ்சையாகச் சொல்லிப் படலையைச் சாத்தினார்கள். பள்ளியில் தொழுகைக்கு வரிசை கட்டும்போது, தோளோடு தோள் ஒட்டி நில்லுங்கள், இடைவெளி விடாதீர்கள் என்று தொழுவிக்கிற ஹஸரத் ஒவ்வொரு தொழுகைக்கும் சொல்வார். எல்லோரும் ஒட்டி நிற்பார்கள். மச்சானுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடக்கும். ஹஸரத் அந்தப் பக்கம் பார்க்காமல் கிப்லாவுக்குத் திரும்பித் தக்பீர் கட்டிவிடுவார். சுகமாகிப் பல மாதங்கள் கழிந்தபிறகும் இதே கூத்துத்தான். வெட்கங்கெட்ட சனம்.

இவை எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அழைப்பு வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடவே, "நீங்க அலையாதீங்க, சாப்பாட்டப் பார்சலாக் கட்டி அனுப்புறம்" என்றும் வரும். நான் ஆக்கிய சோறு பொலித்தீன் பையில் அவர் வீட்டுக்குப் போகும். என் ஆயுளில் அதைவிடப் பெரிய கேவலத்தை நான் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் அமானிக்குச் சம்பந்தம் வந்தது. மச்சானுக்கும் ராத்தாவுக்கும் அவள் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை மின்ஹாஜ் கற்பிட்டிப் பக்கம், ஃபோன் கடையில் வேலை. கெட்ட பெடியன் இல்லை. அவன் அமானியை எங்கேயோ கண்டு, கட்டினால் இவளைத்தான் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். அதனால் அவன் வாப்பா செய்னுலாப்தீன் ஹாஜியாருக்கு வேறு வழியில்லை. எங்களுக்குள் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். அதற்காக மச்சான், நோயில் எழும்பிய உடம்போடு, வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டினார். கல் அரிந்தது முதல் நிறம் பூசியது வரை அவர் கைதான். ஆணி அடிக்கத் தெரியாத மனிதன் கட்டிய அறை எப்படியிருக்கும்? ஒரு சுவர் கொஞ்சம் சரிவுதான். அமானி அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "இந்தச் செவருல சாஞ்சி படுத்தா நல்ல வசதி வாப்பா" என்றாள்.

கல்யாணப் பேச்சு முடிகிற நேரத்தில் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். சாப்பாட்டைப் பற்றி ஒரு சின்ன யோசனையாம்.

"இப்ப எல்லாரும் பிளேட்தானே போடுறாங்க. ஆளுக்கொரு பிளேட், ஒரு கரண்டி. சுத்தமும் பாருங்க. சஹன் என்னத்துக்கு?"

மச்சான் அவர் முகத்தைப் பார்த்து அமைதியாகச் சொன்னார். "ஹாஜியார், வேற எதக் கேட்டாலும் தாறன். எண்ட புள்ளட கல்யாணத்துல சஹன்தான்."

அவர்கள் போனபிறகு நான் மச்சானோடு சண்டை பிடித்தேன். பிளேட்டே போட்டுவிட்டுப் போவோம், தலைவலி மிச்சம் என்றேன்.

"ஒனக்கு வெளங்கல்ல" என்றார். "மாப்பிள்ள சஹன்ல பொண்ணுட வாப்பா உட்காரணும். மொத இறைச்சித் துண்ட நான்தான் பிச்சு மருமகண்ட பக்கம் வெக்கணும். நம்மட வழமை அது. அத அவன் எடுத்து வாயில வெச்சிட்டா, ஊரே பாத்திட்டா, அதோட முடிஞ்சி. நாளைக்கே எனக்குக் கண்ணாடிக் கிளாசுல தேத்தண்ணி ஊத்துவான். பள்ளியில பக்கத்துல நிப்பானுகள். நான் திரும்ப மனிசனாகிடுவன் முத்தலிபு. இந்த ஒரு சோறுதான் எனக்கிட்ட இரிக்கி."

"அவன் வாயில வெக்காட்டி?"

"வெப்பான். சஹன்ல உட்காந்த எவனும் கை வெக்காம எழும்பினத நீ கண்டிருக்கியா?"

நான் கண்டதில்லைதான். ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. ஹஸரத்தைத் தேடிப் போய் மாப்பிள்ளை சஹனில் உட்கார வேண்டும் என்று கேட்டார். அவர் ஓம் என்றார். பள்ளித் தலைவரிடம் போனார். அவரும் இன்ஷா அல்லாஹ் வாறேன் என்றார். மாப்பிள்ளை, அவன் வாப்பா, அவன் பெரியவாப்பா, ஹஸரத், தலைவர், மச்சான். ஆறு பேர். அந்த ஆறு பேரையும் விரல் விட்டுச் சொல்லிச் சொல்லி ராத்தாவின் காதைத் தின்றுவிட்டார்.

கல்யாணம் ஒரு வியாழக்கிழமை பகலில். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய் மோஜு, கடைசிக்கு வட்டிலப்பம். அன்றைக்கு என் கைக்கு என்ன வந்ததோ தெரியாது, சோறு ஒவ்வொரு பருக்கையாக உதிர்ந்தது. அமானிக்காக ஆக்கினேன், மச்சானுக்காக ஆக்கினேன். நிகாஹ் முடிந்ததும் மச்சான் புதுச் சாரத்தோடும் தொப்பியோடும் பந்தலுக்கு நடுவில் வந்து நின்றார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! "அங்க ரெண்டு பேர் கொறையுது, நீங்க இங்கால வாங்க, நானா அவருக்குக் கொஞ்சம் இடம் விடுங்க" என்று பழைய குரலில் ஆட்களைக் கூட்டினார். வந்தவர்களும் அவர் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். தூர நின்று சொன்னால் கேட்பதற்கு அவர்களுக்கு என்ன குறை? நான் சஹன் சஹனாக நிரப்பி அனுப்பிக்கொண்டே அவரைப் பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எல்லோரும் உட்கார்ந்தபிறகு மாப்பிள்ளை சஹனை நானே தூக்கிக்கொண்டு போய் இறக்கினேன். ஐந்து பேரும் இருந்தார்கள். மச்சான் மின்ஹாஜுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கைகழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் கழுவினார்கள். அல்லாஹ்வே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தபோது மச்சான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோழியின் தொடையைப் பிய்த்து மருமகன் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். மின்ஹாஜின் கை முன்னே வந்தது. இதை நான் என் கண்ணால் கண்டேன், பெடியன் கையை நீட்டினான். பக்கத்திலிருந்த ஹாஜியார், ஏதோ பாசமாகப் பேசப்போகிறவர் போல அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவில்லை.

"சாப்புடுங்க மகன்" என்றார் மச்சான்.

மின்ஹாஜ் தலையைக் குனிந்துகொண்டான். "பசியில்ல மாமா" என்றான்.

"காலையில இருந்து அவருக்கு வயிறு சரியில்ல" என்றார் ஹாஜியார்.

மச்சான் ஹஸரத்தைப் பார்த்தார். "இன்டைக்கு வியாழக்கிழமதானே, நான் நோன்பு" என்றார் ஹஸரத். நோன்பாளி எதற்குக் கை கழுவினாராம்? தலைவருக்குச் சீனி வருத்தமாம், நெய் ஆகாதாம். முந்தின நாள் இன்னொரு வீட்டில் என் புரியாணியை வழித்துச் சாப்பிட்ட அதே தலைவர். பெரியவாப்பா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு எழும்பிப் போகவும் முடியாது. சஹனில் இருக்கிற ஓர் ஆள் சாப்பிடுகிறபோது மற்றவர்கள் எழும்புவது மரியாதை இல்லையே. என்ன மரியாதை தெரிந்த மனிதர்கள்! மச்சான் என்ன செய்வார்? தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். அவர்கள் கை வைக்கும்வரை எழும்பக் கூடாது என்று அவர், அவர் முடித்தால் தாங்கள் எழும்பலாம் என்று அவர்கள். ஐந்து பேர் மடியில் கை வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றச் சஹன்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. பந்தல் முழுக்கப் பேச்சு அடங்கி, எல்லோருடைய கண்ணும் அங்கே திரும்பியது. பெண்கள் பக்கத்துத் திரையை யாரோ விலக்கிப் பார்த்தார்கள். அது அமானியா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அகப்பையை வீசிவிட்டுப் போய், ஹஸரத்தையும் தலைவரையும் தள்ளிக்கொண்டு நடுவே உட்கார்ந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. மச்சான் பிய்த்து வைத்த கோழித் தொடையை எடுத்துக் கடித்தேன். "நல்லா இரிக்கி. கசமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தின்னுங்களன்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. மச்சான் என் தோளில் இடது கையை வைத்தார்.

"எழும்பு முத்தலிபு. மாப்பிள்ள வூட்டாக்கள் போகணும்" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் எழும்பினார். ஆயிரம் பேரை உட்காரவைத்த மனிதன். சஹனிலிருந்து முந்தி எழும்பியது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்று பின்னேரம் அமானியைக் கற்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பது இப்போதைக்குச் சரிவராதாம், கடைக்குத் தூரமாம். அமானி வேனில் ஏறும்போது வாப்பாவைத் தேடினாள். அவர் கிணற்றடியில் நின்றார். வரவில்லை. நான் போய் இழுத்தேன், கையை உதறிவிட்டார். "இப்ப போய்க் கட்டிப்பிடிச்சா அங்க போய் அவளுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

சஹன்கள் எல்லாம் பள்ளிக்குச் சொந்தமானவை. எந்தக் கல்யாணமானாலும் அங்கே எடுத்து, கழுவி, திருப்பிக் கொடுப்போம். மறுநாள் நான் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோனேன். பள்ளியில் பொறுப்பாக இருந்தவர் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார். பிறகு குரலைத் தணித்து, "அவர் சாப்பிட்ட சஹன் எது?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்று நின்றேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவன் விளிம்பில் நெளிந்திருந்த ஒன்றைக் காட்டிக் கொடுத்தான். "அது உசனார் நானாட வூட்டிலேயே கெடக்கட்டும். பள்ளியில ஒருத்தரும் குறை நெனைக்க மாட்டாங்க" என்றார். நான் பேசிய பேச்சு பள்ளிவாசலில் பேசக்கூடிய பேச்சு அல்ல. அதற்காக இன்றுவரைக்கும் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அந்தச் சஹனை வெளியே எறிந்துவிடுவோம் என்றுதான் கொண்டுவந்தேன். மச்சான் என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் பள்ளிக்குப் போகவில்லை. தேத்தண்ணிக் கடைக்கும் இல்லை. அமானி ஃபோனில் பேசுவாள், வருகிறேன் வருகிறேன் என்பாள். மாமி விட மாட்டாள், வயிற்றில் பிள்ளையும் தங்கியிருக்கிறது என்று சொன்னாள். அதைக் கேட்டதும் மச்சான் ஃபோனை ராத்தாவிடம் கொடுத்துவிட்டார். "இனிக் கட்டாயம் வர வேணாமெண்டு சொல்லு" என்றார். புது அறையில் ராத்தா விறகு அடுக்கினாள்.

போன மாதம் கொஞ்சம் மாட்டிறைச்சிக் கறி எடுத்துக்கொண்டு பகல் நேரத்தில் அங்கே போனேன். மச்சான் பின்பக்கத்து முற்றத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தச் சஹன். ஆறு பேரின் தட்டில் ஓர் ஓரத்தில் ஒரு பிடி சோறு. நான் கறியைக் கொடுத்தேன். ராத்தா கை கழுவிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் கறியைச் சோற்றில் ஊற்றிப் பிசையக் கை நீட்டினாள். நோயில் கிடந்த காலம் முழுக்க அவரோடு ஒரே பீங்கானில் சாப்பிட்டவள் அவள்.

மச்சான் சஹனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ வேற பீங்கான்ல தின்னு சபூரா."

"என்ன கதை இது? டொக்டர் நோனா நல்ல சுகமெண்டு சொன்னவதானே. ஒங்களுக்கு முன்னாலதானே சொன்னவ."

"டொக்டர் ஒரு ஆள்" என்றார் மச்சான். கோபமாக அல்ல, ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி. "பந்தல்ல எத்தன பேர் இருந்தாங்க? அவ்வளவு பேரும் பிழை விடுவாங்களா? எனக்குள்ள என்னமோ இரிக்கித்தான். ஒனக்கும் ஒட்டிடும். தள்ளி உட்காரு."

ராத்தா கழுவிய கையோடு எழும்பிக் குசினிக்குள் போய்த் தனக்கென்று ஒரு பீங்கானை எடுத்துக்கொண்டு வந்து, அவர் சொன்னபடி தள்ளி உட்கார்ந்தாள்.